ஒரே விமானம், இரண்டு விலை

திருகோணமலையிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்லும் பாதையில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து சென்றால் புல்மோட்டை என்னும் ஊரை அடையலாம். ஒரு புறம் கடல். மறு புறம் வயலும் காடும். ஊருக்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு. கரிய மணலாற் பெயர் பெற்ற அவ்வூரிலே கடலை நம்பியும் கழனியை நம்பியும் வாழும் குடும்பங்கள் பல. பிற்காலத்தில் மூன்றாவதாக ஒன்றும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. மத்திய கிழக்கு நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் மாதந்தோறும் அனுப்பும் பணமே அது.

சென்ற ஆண்டு பாடசாலை விடுமுறையின்போது நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். ஒரு காலத்தில் நம்மிடம் பொருளியல் கற்ற மாணவர் ஒருவர், கட்டார் நாட்டிலிருந்து திடீரென ஊர் வந்திருக்கிறார் எனக் கேள்வியுற்று, அவரைக் காணும்பொருட்டே சென்றோம். அவருடைய தாயார் கடும் நோயுற்றிருந்தார். செய்தி கிடைத்த மறுநாளே சீட்டு வாங்கி, அதற்கடுத்த நாள் புறப்பட்டு வந்தவர் அவர்.

தேநீர் வந்தது. குடும்பச் சேமங்களை விசாரித்தோம். அப்பொழுது அவருடைய நண்பர் ஒருவரும் அங்கு வந்து சேர்ந்தார். அவரும் கட்டாரில் அதே இடத்தில் வேலை செய்பவர். தங்கையின் கலியாணத்துக்காக வந்திருந்தார். இருவரும் ஒரே விமானத்தில், அடுத்தடுத்த ஆசனங்களில் அமர்ந்து வந்தவர்களாம். பேச்சுவாக்கில் நம் மாணவர் கேட்ட கேள்வி இதுதான்:

“சேர், ஒரே பிளேன், ஒரே சாப்பாடு, பக்கத்துப் பக்கத்துச் சீற். இவர் மூண்டு மாசத்துக்கு முந்தி எடுத்த ரிக்கற். நான் முதல் நாள் எடுத்த ரிக்கற். இவர் குடுத்ததைப் போல ரெண்டு மடங்குக்கு மேல நான் குடுத்திருக்கன். அவசரத்தில வந்தவனுக்கு ஏன் சேர் இப்படி?”

அவருக்கு அன்று நாம் சொன்ன மறுமொழி அரைகுறையானது. வீடு திரும்பிய பின்னர் ஆற அமரச் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை. விமானச் சீட்டு வாங்காத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. பிள்ளையை வழியனுப்பவோ, பேரப்பிள்ளையைக் காணவோ, தலயாத்திரை போகவோ என்றோ ஒரு நாள் எல்லோரும் வாங்குகிறோம். ஆதலின் இவ்விலையின் சூட்சுமத்தை அறிந்துகொள்வது வாசக நேயர்களுக்குப் பயன்படும் என நம்புகின்றோம்.

மாலைச் சந்தையும் விமானமும்

முதலில் ஒரு புதிரை நோக்குவோம். கொக்கிளாய்க் களப்பிலே காலையிற் பிடித்த மீன் மாலையிலே சந்தையில் எஞ்சியிருந்தால் வியாபாரி என்ன செய்வார்? விலையைக் குறைப்பார். நாளை அது விலைபோகாது என்பதை அவர் அறிவார். விமானத்தின் ஆசனமும் அத்தகைய பண்டமே. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய கணத்தில், வெறுமையாயிருக்கும் ஆசனத்தின் மதிப்பு ஒரு சதமுமில்லை. அதனை எடுத்து வைத்து மறுநாள் விற்க இயலாது. அவ்வாறாயின், புறப்படும் நாள் நெருங்க நெருங்க விலை குறைய வேண்டுமன்றோ? ஆனால் நாம் காண்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மாலைச் சந்தையில் மீன் மலியும். மாலை விமானத்தில் ஆசனம் அருந்தலாகும்.

இதற்குக் காரணம் செலவன்று. முன்னர் வாங்கியவரைச் சுமப்பதற்கும் பின்னர் வாங்கியவரைச் சுமப்பதற்கும் விமானம் எரிக்கும் எண்ணெய் ஒன்றே. விமானியின் சம்பளமும் ஒன்றே. விமான நிலையத்துக்குச் செலுத்தும் கட்டணமும் ஒன்றே. வேறுபாடு வாங்குவோரிடத்தில் உள்ளது. மாலையில் மீன் வாங்க வருபவரும் காலையில் வந்தவரைப் போன்ற ஒருவரே. விமானச் சீட்டைக் கடைசி நேரத்தில் வாங்க வருபவரோ, மூன்று மாதங்களுக்கு முன் வாங்கியவரைப் போன்றவரல்லர்.

இரு வகைப் பிரயாணிகள்

விமானக் கம்பனிகள் நெடுங்காலமாகவே பிரயாணிகளை இரு வகையினராகக் கருதி வருகின்றன. ஒரு வகையினர் அலுவற் பிரயாணிகள். கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் முகாமையாளருக்குச் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரில் ஒரு கூட்டம் எனக் கொள்வோம். அவர் செவ்வாய்க்கிழமையே அங்கு இருத்தல் வேண்டும்; வியாழக்கிழமை சென்று பயனில்லை. கூட்டம் தள்ளிப்போனால் சீட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சீட்டின் பணத்தை அவர் தம் சட்டைப் பையிலிருந்து கொடுப்பதில்லை, கம்பனி கொடுக்கிறது. ஆகவே விலை இரு மடங்காயினும் அவர் பிரயாணத்தைக் கைவிடமாட்டார்.

மற்றையோர் உல்லாசப் பிரயாணிகள். விடுமுறைக்கு மதுரைக்கும் சிதம்பரத்துக்கும் போக விரும்பும் ஓர் ஆசிரியர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாள் முன்பின்னாக இருந்தால் அவர்களுக்குக் குறையொன்றுமில்லை. விலை மிகுந்தால் இவ்வருடம் வேண்டாம் என விட்டுவிடுவர். அல்லது கதிர்காமத்துக்கோ நுவரெலியாவுக்கோ சென்று மகிழ்வர். கொடுக்கும் காசு ஒவ்வொன்றும் அவர்களுடைய சொந்தக் காசு.

உயர்தர வகுப்பிற் பொருளியல் கற்கும் மாணவர்கள் இதனைக் கேள்வி நெகிழ்ச்சி என்னும் தலைப்பிற் படித்திருப்பார்கள். விலை சிறிது ஏறியவுடன் கேள்வி பெரிதும் சுருங்குமாயின் அது நெகிழ்ச்சி மிக்க கேள்வி. விலை ஏறினும் கேள்வி அதிகம் அசையாதிருப்பின் அது நெகிழ்ச்சி குறைந்த கேள்வி. உல்லாசப் பிரயாணியின் கேள்வி முந்திய வகை. அலுவற் பிரயாணியின் கேள்வி பிந்திய வகை. ஒரே பண்டத்தை இவ்விருவருக்கும் வெவ்வேறு விலைக்கு விற்பதை விலைப் பேதங்காட்டல் என்பர். ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு 1920 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இதனை மூன்று படிகளாக வகுத்து ஆராய்ந்துள்ளார்.

ஆயினும் இச்சூட்சுமம் விமானத்தோடு பிறந்ததன்று. பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாளர் டுப்புயி என்பவர் 1849 இலேயே இதனைப் புகைவண்டியிற் கண்டார். அக்காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றிற்குக் கூரையே இருக்கவில்லை. கூரைக்குச் செலவு எவ்வளவு? மிகச் சிறிதே. எனின் ஏன் போடவில்லை? ஏழையைத் துன்புறுத்துவது கம்பனியின் நோக்கமன்று. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாதபடி அச்சுறுத்துவதே நோக்கம் என அவர் விளக்கினார். ஏழையின் தலைமேல் மழை பெய்தது, பணமுள்ளவர் அங்கே வாராதிருக்கும்பொருட்டு. இக்கருத்தை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். நவீன விமானச் சீட்டின் நிபந்தனைகள் யாவும் அந்தக் கூரையில்லாப் பெட்டியின் வழித்தோன்றல்களே.

மணலைப் பிரிக்கும் காந்தம்

பேதங்காட்ட வேண்டுமெனின் முதலில் ஆளை இனங்காண வேண்டும். “நீர் அலுவலாகப் போகிறீரா, உல்லாசமாகப் போகிறீரா?” என்று கேட்டால் எவர் உண்மை சொல்வார்? எல்லோரும் உல்லாசம் என்றே கூறிவிடுவர். ஆதலின் கேளாமலே பிரிக்கும் ஓர் உபாயம் தேவைப்பட்டது.

இதனை விளக்குவதற்குப் புல்மோட்டையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அவ்வூர்க் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் முதலிய கனியங்கள் கலந்து கிடக்கின்றன. 1957 இல் அரசாங்கக் கூட்டுத்தாபனமாகத் தொடங்கிய தொழிற்சாலை, இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் என்னும் பெயரில் அவற்றைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்கிறது. இல்மனைற்றும் உரூத்தைலும் தைத்தேனியம் என்னும் உலோகத்தைத் தம்முட் கொண்டவை. உலகில் இவற்றின் பெரும் பங்கு வெண்ணிறப் பூச்சுக்குப் பயன்படுகிறது. சிறு பங்கு உலோகமாகி விமான எந்திரங்களிலும் இடம்பெறுகிறது.

இக்கனியங்களை எவ்வாறு பிரிக்கிறார்கள்? மணி மணியாகப் பொறுக்குவதில்லை. வலிய காந்தத்தின் அருகே மணலைச் செலுத்தினால் இல்மனைற்று தானே காந்தத்தின் பக்கம் சாய்கிறது. எஞ்சியதை மின்னூட்டத்துக்கு உட்படுத்தினால் மின்னைக் கடத்தும் உரூத்தைல் ஒரு பக்கமும் கடத்தாத சேர்க்கன் மறு பக்கமும் பிரிகின்றன. ஒவ்வொரு மணியும் தன் இயல்பினாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்து விடுகிறது.

விமானக் கம்பனிகளும் இத்தகைய காந்தங்களைக் கண்டுபிடித்தன. பல வாரங்களுக்கு முன்பே சீட்டு வாங்கினாற் குறைந்த விலை என்பது ஒரு காந்தம். கூட்டத்தின் தேதி அலுவலருக்கு அவ்வளவு முன்னரே தெரியாது. வாங்கிய சீட்டை மாற்றவும் முடியாது, பணம் மீளவும் கிடையாது என்பது மற்றொரு காந்தம்; அலுவலருக்கு மாற்றும் வசதி இன்றியமையாதது. சென்ற இடத்தில் ஒரு சனிக்கிழமை இரவேனும் தங்கித் திரும்ப வேண்டும் என்பது இவையெல்லாவற்றிலும் சாமர்த்தியமானது. அலுவலர் வெள்ளிக்கிழமை மாலையே தம் மனைவி மக்களிடம் திரும்பத் துடிப்பார். உல்லாசமாகச் சென்றவருக்கோ சனிக்கிழமைதான் பிரயாணத்தின் பயன். ஒரு கேள்வியும் கேளாமலே இருவரும் இரு பக்கமாகப் பிரிந்துவிட்டனர்!

கலை வளர்ந்த கதை

இந்நிலை எப்போதும் இருந்ததன்று. இலங்கையின் தேசிய விமான சேவையாகிய எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10 ஆந் தேதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பிரயாணத்தைத் தொடங்கியது. அக்காலத்திற் சர்வதேச வழிகளின் கட்டணங்களை, 1945 இல் தோன்றிய சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்திலே கம்பனிகள் கூடித் தீர்மானிக்கும்; அரசாங்கங்கள் அவற்றுக்கு அங்கீகாரம் அளிக்கும். விமானம் பெரும்பாலும் பணம் படைத்தோரின் வாகனமாகவே இருந்தது. ஆசனங்கள் பல வெறுமையாகப் பறந்தன.

1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பிரித்தானிய விமானக் கம்பனியாகிய பி. ஓ. ஏ. சி., 21 நாட்களுக்கு முன்னர் பதிவு செய்வோருக்குக் குறைந்த கட்டணத்தை வழங்கிற்று. உடனே ஒரு சிக்கல் எழுந்தது. மலிவுச் சீட்டை விரும்புவோர் முன்னரே வந்து ஆசனங்களையெல்லாம் நிரப்பிவிட்டால், முழு விலை கொடுக்கக் கடைசியில் வருபவருக்கு இடமெங்கே? எத்தனை ஆசனங்களை அவருக்கென ஒதுக்கி வைப்பது? 1972 இல் அக்கம்பனியைச் சேர்ந்த கென் லிற்றில்வுட் என்பவர் இதற்கு ஓர் எளிய விதியை வகுத்தார்.

மாணவர்கள் அதனைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். முழு விலை 1,00,000 ரூபா, மலிவு விலை 40,000 ரூபா எனக் கொள்வோம். ஓர் ஆசனத்தை இப்பொழுதே 40,000 ரூபாவுக்குக் கேட்கிறார் ஒருவர். காத்திருந்தால் முழு விலை கொடுப்பவர் வரலாம், வாராமலும் போகலாம். அவர் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 50 எனின், காத்திருப்பதன் மதிப்பு 50,000 ரூபா. ஆதலாற் காத்திருப்பதே இலாபம். வாய்ப்பு நூற்றுக்கு 30 எனின் அம்மதிப்பு 30,000 ரூபாவே. இப்பொழுதே விற்றுவிட வேண்டும். எல்லைக்கோடு நூற்றுக்கு 40. விதி இவ்வளவுதான். இன்று கணினிகள் செய்யும் மாபெருங் கணக்குகளுக்கெல்லாம் மூல வித்து இதுவே.

ஐக்கிய அமெரிக்காவில் 1977 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் ‘சுப்பர் சேவர்’ என்னும் மலிவுக் கட்டணத்தைத் தொடங்கியது. முன்கூட்டியே வாங்கவும் வேண்டும்; சென்ற இடத்திற் சில நாட்கள் தங்கவும் வேண்டும். 1978 அக்டோபர் 24 ஆந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், உள்நாட்டுக் கட்டணங்கள் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்குவதற்கு வழி செய்தது. 1981 இல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் புதுக் கம்பனி, எல்லோருக்கும் மலிவு என்ற கொள்கையோடு பெருஞ் செல்வாக்குப் பெற்றது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிபந்தனைகளோடு கூடிய ஒரு மலிவுச் சீட்டை வெளியிட்டு, அப்புதுக் கம்பனியின் விலைக்கு ஈடாக இறங்கியது. முழு விலை கொடுக்கும் அலுவற் பிரயாணிகளை இழக்காமலே அது இதனைச் சாதித்தது. எஞ்சிய ஆசனம் எது, ஒதுக்க வேண்டிய ஆசனம் எது என்பதை அதன் கணினி அறிந்திருந்ததே காரணம். பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1986 இல் விற்கப்பட்டது. மறு ஆண்டில் அதன் பெயரே மறைந்தது.

அன்று தொட்டு இக்கலை உலகெங்கும் பரவிவிட்டது. வெளியே பார்க்கும்போது ஒரே சாதாரண வகுப்பு. உள்ளேயோ ஒவ்வோர் எழுத்தாற் குறிக்கப்படும் பல கட்டணப் படிகள். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அது மூடப்படும். அடுத்த படி திறக்கும். பின்னர் ஒரு வழிச் சீட்டுகளைத் தனித்தனியே விற்கும் மலிவுக் கம்பனிகள் பெருகியதனாற் சனிக்கிழமைக் காந்தம் பல வழிகளில் வலுவிழந்தது. ஆயினும் நாட் காந்தமும், மாற்ற முடியாமை என்னும் காந்தமும் முன்னரிலும் கூர்மையாகத் தொழிற்படுகின்றன.

இதில் நன்மை இல்லையா?

உண்டு, அதனை மறைப்பது நீதியன்று. 150 ஆசனங்களையுடைய ஒரு விமானத்தைக் கற்பனை செய்வோம். ஒரு தடவை பறக்க 75 இலட்சம் ரூபா செலவு. ஒரு இலட்சம் ரூபா கொடுக்கக்கூடியவர் 60 பேர். 45,000 ரூபாவுக்கு மேற் கொடுக்க இயலாதவர் 90 பேர். எல்லோருக்கும் ஒரு இலட்சம் என விலை வைத்தால் 60 பேர் மட்டுமே வருவர், வருமானம் 60 இலட்சம், நட்டம். எல்லோருக்கும் 45,000 என வைத்தால் 150 பேரும் வருவர், வருமானம் 67 1/2 இலட்சம், அதுவும் நட்டமே. ஒரே விலை என்ற கொள்கையில் அவ்விமானம் பறக்கவே மாட்டாது. இரு விலை வைத்தாலோ 60 இலட்சமும் 40 1/2 இலட்சமும் சேர்ந்து 100 1/2 இலட்சம் ஆகிறது. விமானம் பறக்கிறது, முகாமையாளரும் செல்கிறார், ஆசிரியர் குடும்பமும் செல்கிறது. நாம் தலயாத்திரைக்கு வாங்கும் மலிவுச் சீட்டின் ஒரு பகுதியை முன்பின் அறியாத ஒரு கம்பனி நமக்காகக் கொடுத்துவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இது வரையில் நியாயமே. எனினும் நம் மாணவரின் கேள்வி இன்னும் தீரவில்லை.

காந்தம் அறியாத வேற்றுமை

காந்தம் இல்மனைற்றை இழுக்கும்போது பிழை விடுவது குறைவு. விமானக் கம்பனியின் காந்தமோ மனிதரைப் பிரிக்கும்போது பெரும் பிழை ஒன்றை இழைக்கிறது. அது இழுப்பது அலுவலை அன்று, அவசரத்தை. அவசரங்களோ பல வகை. கூட்டத்துக்கு விரையும் முகாமையாளரும் கடைசி நாளில் வருகிறார். படுக்கையிற் கிடக்கும் தாயைக் காண விரையும் தொழிலாளியும் கடைசி நாளில் வருகிறார். முன்னவர் கம்பனியின் பணத்திற் பறக்கிறார். பின்னவர் மாதக்கணக்கிற் சேமித்ததைக் கொண்டு பறக்கிறார். கணினிக்கு இருவரும் ஒருவரே. நம் மாணவர் முகாமையாளருக்கு வைத்த விலையைக் கொடுத்தார். உண்மை யாதெனில், அவர் அதனினும் கொடிய நிலையில் இருந்தார். பெரிய கம்பனிகள் விமானக் கம்பனிகளோடு முன்கூட்டியே ஒப்பந்தஞ் செய்து கட்டணத்திற் கழிவு பெறுகின்றன. கட்டாரில் உழைக்கும் தனியொருவருக்கு ஒப்பந்தம் செய்வார் யார்?

‘அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்பது நம் பழமொழி. விமான வியாபாரத்தில் அவசரக்காரனுக்கு விலை உச்சம். அவசரம் அவன் விரும்பித் தேடியதா, விதியால் வந்ததா என்பதை எவரும் வினாவுவதில்லை.

இக்குறையைச் சில கம்பனிகள் ஒரு காலத்தில் உணர்ந்திருந்தன. நெருங்கிய உறவினர் இறந்தாலோ மரணத் தறுவாயில் இருந்தாலோ, விரைந்து செல்வோருக்குத் துக்கக் கட்டணம் என்னும் சலுகையை வட அமெரிக்கக் கம்பனிகள் பல வழங்கிவந்தன. அமெரிக்கன், யுனைற்றெட் ஆகிய இரண்டும் 2014 இல் அதனைக் கைவிட்டன. எயார் கனடா அதனைத் தொடர்ந்து வழங்கியது. ஆயினும் அக்கம்பனியின் இணையத்தளத்திலே கேள்விகளுக்கு விடையளிக்கும் இயந்திரம், பிரயாணம் முடிந்த பின்னரும் அச்சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் எனப் பாட்டியை இழந்த ஒருவருக்குத் தவறாகக் கூறிவிட்டது. கம்பனி பின்னர் அதனை மறுத்தது. 2024 பெப்ரவரியில் பிரித்தானிய கொலம்பியா மாகாண நடுவர் மன்றம், இயந்திரம் சொன்ன சொல்லுக்கும் கம்பனியே பொறுப்பு எனத் தீர்த்து நட்டஈடு வழங்கச் செய்தது. சிறிய தொகைதான்; எனினும் பெரிய பாடம்.

அரசாங்கங்கள் தலையிட்டதும் உண்டு. கொறோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, இந்திய அரசாங்கம் கட்டணங்களுக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் விதித்தது. 2022 ஆகஸ்ட் முடிவில் அவற்றை நீக்கியது. நிலையான கட்டுப்பாடு இருப்பின் மலிவுச் சீட்டும் மறைந்துவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. போட்டியே இதனினும் நல்ல மருந்து என்பர் பலர். யாழ்ப்பாணம் – சென்னை வழியில் 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் பறக்கத் தொடங்கியது; பெருந்தொற்றினால் இடையில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது; 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் அவ்வழியில் இறங்கியது. ஒரு கடை இருந்த சந்தையில் இரண்டாவது கடை திறந்தால் வாங்குபவருக்கு நன்மையே. ஆயினும் போட்டி உச்ச விலையைச் சிறிது தாழ்த்தலாம். துக்கத்தையும் வியாபாரத்தையும் வேறு பிரித்தறியும் கண்ணை அது கொடுத்துவிடாது. அக்கண் மனிதருக்குத்தான் உண்டு. ஒரு மரணச் சான்றிதழையோ வைத்தியரின் கடிதத்தையோ பார்த்து, நடு விலையில் ஓர் ஆசனம் கொடுப்பது எந்தக் கம்பனிக்கும் இயலாத காரியமன்று. அதனைக் கேட்பதற்கு நாமும் கூச வேண்டியதில்லை.

குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

இனி நம் கையில் உள்ளதைக் கூறுவோம். கலியாணம், திருவிழா, பெருநாள், பாடசாலை விடுமுறை என முன்னரே தெரிந்த பிரயாணங்களுக்குச் சீட்டை முன்னரே வாங்குதல் வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் ஊர் திரும்பும் காலத்தில், உல்லாசப் பிரயாணியும் அலுவற் பிரயாணியைப் போலவே நடத்தப்படுவார். நாளை ஓரிரு நாள் முன்பின் தள்ளிப் பார்ப்பது நன்று. மலிவுச் சீட்டை வாங்குமுன் அதன் நிபந்தனைகளை முழுவதும் வாசித்தல் வேண்டும். மாற்ற முடியாத சீட்டு, போகமுடியாது போனால், மலிவானதன்று. நோயாளி ஒருவரைக் காணப் போகின்றவர் திரும்பும் நாளை மாற்றக்கூடிய சீட்டைச் சற்றுக் கூடிய விலைக்கு வாங்குவது வீண் செலவாகாது. துக்கச் சலுகை உண்டா எனக் கம்பனியை நேரிற் கேட்டு, அதற்குரிய நிபந்தனையை எழுத்திற் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

வேறொன்றும் உண்டு. நம் ஊர்ப் பெண்கள் சீட்டுப் பிடித்து நகையும் தளபாடமும் வாங்குகிறார்கள். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகளிலே, இன்னொரு சிறு தொகையையும் அவ்வாறே ஒதுக்கி வைத்தல் நன்று. நெருக்கடி வேளையில் ஒரு பிள்ளையை அழைப்பிப்பதற்கான பணம் அது. விமானக் கம்பனி விற்பதும் சீட்டு. வீட்டிலே பிடிப்பதும் சீட்டு. முந்தியதன் கொடுமையைப் பிந்தியது ஓரளவு தணிக்கும்.

அன்று மாலை நாம் விடைபெறும்போது நம் மாணவர் தெருமுனை வரை வந்தார். அவருடைய தாயார் மகனின் கையைப் பற்றியபடி சிறிது கஞ்சி அருந்தியதை நாமும் கண்டிருந்தோம். “தம்பி, அந்தக் காசை எண்ணி மனம் வருந்த வேண்டாம்” என்றோம்.

அவர் சிரித்தார். “காசு என்ன சேர், உழைக்கலாம். இன்னும் ஒரு மடங்கு கேட்டிருந்தாலும் குடுத்துத்தான் வந்திருப்பன். உம்மாட முகத்தைப் பார்த்திட்டன்” என்றார்.

மகனுக்கு அழகான சொல் அது. ஆயினும் பஸ்ஸில் அமர்ந்து திரும்பும் வழியெல்லாம் அச்சொல்லே நம் மனத்தை உறுத்தியது. இன்னும் ஒரு மடங்கு கேட்டாலும் அவர் கொடுப்பார் என்பதை, அவருடைய பெயரையோ ஊரையோ தாயையோ அறியாத கணக்கு ஒன்று, அவருக்கு முன்னரே அறிந்து வைத்திருந்ததன்றோ?